கரி பூசிய முகமும் எங்க பக்கத்துக் கட்டியக்காரனும்

கூத்தை விட்டொழிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் பேச ஆரம்பித்து நெடுநாள் ஆகிறது. பறையடிக்கப் போவதை விட்டோம், சாவு சொல்லப் போவதை விட்டோம், செத்த மாட்டைத் தூக்குவதை விட்டோம், இந்தக் கோமாளி வேஷத்தை மட்டும் எதுக்கு வெச்சிக்கினு இருக்கணும் என்று கேட்கிறார்கள். உத்திரமேரூர் வட்டாரத்துக் காலனிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இனிமேல் ஒரு ஜமாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. ராஜா வேஷம் கட்டுகிறவன்மீது அவர்களுக்குக் கோபம் கிடையாது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி வருகிறவனைப் பார்த்தால் நம்ம ஆளுக்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. கோபமெல்லாம் கட்டியக்காரன் மீதுதான். கூம்புக் குல்லாய், கோணல் சட்டை, முகத்தில் புள்ளி, ஊரான் வாய்விட்டுச் சிரிப்பதற்கு ஒரு உடம்பு.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கட்டியக்காரன் கட்டியவர். அறுபது வயசு தாண்டிய மனுஷனைக் கடைத்தெருவில் பார்த்து, மீசை முளைக்காத ஊர்ப்பிள்ளை ஒருத்தன் 'டேய் கோமாளி, ஒண்ணு சொல்லிட்டுப் போடா' என்கிறான். கூத்து முடிந்து வேஷம் கலைத்த பிறகும் அந்த முகத்தில் அரிதாரம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது அவனுக்கு. பக்கத்தில் நிற்கிற மகன் பி.ஏ. படித்தவன். அவனுக்கு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் 'கோமாளித்தனம் = அடிமைத்தனம்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. சிரிப்பு யாருடைய சொத்து என்ற கேள்வி அதற்குள் அமுங்கிப்போகிறது. இதே சண்டையை நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் கறுப்பர்கள் போட்டிருக்கிறார்கள். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து தலித் சிறுத்தைகள் 1972இல் மகாராஷ்டிரத்தில் எழுந்ததை நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர்களுடைய கோபத்திலிருந்து கற்றுக்கொண்டோம், சிரிப்பிலிருந்தும் கற்றுக்கொள்ள இருக்கிறது.

அமெரிக்காவில் 1830ஐ ஒட்டி தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகன் கார்க்கைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு 'ஜிம் குரோ' என்று ஒரு ஆட்டம் ஆடினான். கிழிந்த சட்டை, நொண்டி நடை, கொச்சைப் பேச்சு. அடிமையைப் போல ஆடிக் காட்டுவது என்பது பெயர். ஜனம் அலைமோதியது. அதிலிருந்து 'மின்ஸ்ட்ரல்' என்ற ஒரு நாடக வகையே உண்டாகி ஐம்பது அறுபது வருஷம் கொடிகட்டிப் பறந்தது. கறுப்பன் என்றால் கோழி திருடுவான், தர்பூசணியைப் பார்த்தால் வாயைப் பிளப்பான், பேயைக் கண்டால் ஓடுவான், சவரக்கத்தியைக் கையில் வைத்திருப்பான். இதெல்லாம் அந்த மேடையில் தயாரான சரக்கு. பின்னாளில் கறுப்பர்களை ரயிலிலும் பள்ளியிலும் பிரித்து வைத்த சட்டங்களுக்கு ஜிம் குரோ சட்டங்கள் என்றே பெயர் வந்தது. கோமாளியின் பெயரைச் சட்டத்துக்கு வைத்த நாடு அது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. கறுப்பர்களுக்கும் மேடை கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே கறுப்பாக இருக்கிறவனும் கரி பூசிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் உண்டாக்கி வைத்த கறுப்பன்தான் 'அசல்', பிறந்தபடி நிற்கிற கறுப்பன் போலி. பகாமா தீவில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் இப்படித்தான் வந்தார். மாநிறத்துக்காரர், படித்தவர். கூட்டாளி ஜார்ஜ் வாக்கரோடு சேர்ந்து 1903இல் 'இன் டஹோமி' என்ற முழுநீளக் கறுப்பர் இசைநாடகத்தை பிராட்வே வரை கொண்டுபோனவர். 1910இலிருந்து வெள்ளைக்காரர்களுடைய பெரிய கம்பெனியிலேயே நட்சத்திரமாக இருந்தவர். கரியை மட்டும் அவரால் கடைசிவரைக்கும் கழுவ முடியவில்லை.

அவரை வைத்து 1913இல் பயோகிராப் கம்பெனி ஒரு படம் எடுத்தது. பாதியில் போட்டுவிட்டார்கள். சுருள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்து கிடந்து, தொகுக்கப்பட்டு 2014இல்தான் வெளியே காட்டப்பட்டன. 'லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே' என்று பெயர் சொல்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வில்லியம்ஸ் ஒருவர் முகத்தில்தான் கரி. சுற்றியிருக்கிற அத்தனை கறுப்பு நடிகர்களும் தங்கள் சொந்த முகத்தோடு, நல்ல உடுப்போடு, ராட்டினத்தில் ஏறுகிறார்கள், 'கேக் வாக்' ஆடுகிறார்கள், காதலிக்கிறார்கள். ஒருத்தன் கரியைச் சுமந்தால் மற்ற எல்லாரும் மனுஷராக வெளியே வரலாம் என்பதுபோல ஒரு ஏற்பாடு. கேக் வாக் என்ற அந்த ஆட்டமே தோட்டத்து அடிமைகள் தங்கள் எஜமானர்களின் மிடுக்கு நடையைக் கிண்டல் செய்து ஆடியது என்கிறார்கள். எஜமானன் கைதட்டினான், தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல். பிறகு அவனே அதைக் கற்றுக்கொண்டு ஆட ஆரம்பித்தான். இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் கூத்து ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே காலத்தில் சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் என்று ஒருவர். கறுப்பர் பத்திரிகைகளில் ஜூலி ஜோன்ஸ் என்ற புனைபெயரில் எழுதியவர், நாடகக் கொட்டகைத் தொழில் தெரிந்தவர். 1913இல் சொந்தக் கம்பெனி வைத்து 'ரயில்ரோடு போர்ட்டர்' என்று ஒரு சிறு படம் எடுத்தார். கறுப்பர் ஒருவர் இயக்கிய முதல் படம் அதுதான் என்று சொல்லப்படுகிறது. அது ஒரு சிரிப்புப் படம். ரயில் போர்ட்டர் வேலைக்குப் போய்விட்டான் என்று நினைத்து அவன் பெண்சாதி, ஜோராக உடுத்திய ஒருத்தனை வீட்டுக்கு அழைக்கிறாள். அவனோ ஓட்டல் சர்வர். புருஷன் திரும்பி வருகிறான். துப்பாக்கி, துரத்தல், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதான் கதை. கோழி திருடன் இல்லை, தர்பூசணி இல்லை. வேலையும் சம்பளமும் வீடும் சந்தேகமும் உள்ள மனுஷர்கள். லிஞ்சிங் என்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், முதல் தடவை காமிரா கையில் கிடைத்ததும் அந்த ஆள் அழவில்லை. ஏன்? தன் ஜனம் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற உரிமையைத்தான் அவர் முதலில் கேட்டு வாங்கினார் என்று நான் படிக்கிறேன்.

இதற்கு எதிர்முனையில் அதே சிகாகோவில் எபனி என்று ஒரு கம்பெனி. கறுப்பர்கள் நடித்த சிரிப்புப் படங்களாக வரிசையாக எடுத்தது. மேலாளராக லூதர் பொலார்ட் என்ற கறுப்பர் ஒருவரை வைத்திருந்தார்கள். முதல் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பர் பத்திரிகை இந்தப் படங்களைக் கடுமையாகச் சாடியது. இரண்டு பக்கமும் நடித்தவர்கள் கறுப்பர்கள். இரண்டும் தமாஷ். எபனியின் நடிகர்கள் திறமையில் குறைந்தவர்களும் அல்ல. பணம் யாருடையது, கொட்டகையில் யாருக்காகக் காட்டினார்கள், கடைசியில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 'மின்ஸ்ட்ரல்' தமிழில் இல்லையா? பேஷாக இருக்கிறது. பள்ளு, குறவஞ்சி என்று பெயர் வைத்து, 'மக்கள் இலக்கியம்' என்று பாடப்புத்தகத்திலும் வைத்திருக்கிறார்கள். வயலில் இறங்காத புலவர் பள்ளனாகவும், மூத்த பள்ளியாகவும், இளைய பள்ளியாகவும் பேசுகிறார். இரண்டு பெண்டாட்டிக்காரன் படும்பாடு, சக்களத்தி ஏசல், பண்ணைக்காரனிடம் கோள், மரத்தில் மாட்டித் தண்டனை. முக்கூடற் பள்ளில் பண்ணைக்காரனும் கேலிக்குத் தப்பவில்லை என்பதை மறைக்கக் கூடாது, அவன் உருவத்தையே நக்கல் அடித்திருக்கிறார்கள். ஆனால் அவன் சிரிப்புக்கிடமானாலும் அவன் கையில்தான் தண்டனை இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி இன்னும் ஜோர். குறத்தியின் வாயால் மலைவளம் பாடிய திரிகூட ராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். குறத்தியாக வேஷம் கட்டியவருக்கு நிலம். குறத்திக்கு?

தமிழ் சினிமா பேச ஆரம்பித்ததே இந்த வேஷத்தோடுதான். 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது அதோடு சேர்த்துக் குறத்தி நடனமும் திரையில் காட்டினார்கள். ஆடியவர் டி.பி. ராஜலட்சுமி, திருவையாற்றுப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த அம்மாளின் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன், அந்தக் காலத்தில் ஒரு பெண் மேடைக்கு வருவதே சாதிவிலக்குக்குச் சமம். பிரச்சினை அவரல்ல. ஒரு ஜனத்தின் ஆட்டமும் பேச்சும் உடுப்பும் அவர்கள் இல்லாமலேயே திரைக்கு வந்துவிட்டன.

1956இல் 'மதுரை வீரன்'. அருந்ததியர் மக்கள் தெய்வமாகக் கும்பிடுகிற வீரன், படத்தில் பிறப்பால் ராஜகுமாரன். எம்.ஜி.ஆர். அவனை எடுத்து வளர்க்கிற செருப்புத் தைக்கும் தம்பதி யார்? என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். கதைப்பாடலிலேயே ராஜகுமாரன் கதை நுழைந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் நடிகர் தேர்வைப் பாருங்கள். வீரம் வேண்டிய இடத்தில் ராஜா வீட்டு ரத்தம், சேரிக்கு வேண்டிய இடத்தில் சிரிப்பு நடிகர். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். திட்டம் போடாமலே இப்படி வந்து விழுகிறது பாருங்கள், அதற்குப் பெயர்தான் சாதி.

ஆனால் அதே என்.எஸ்.கே.வின் 'கிந்தனார்' இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தைத் தலைகீழாக்கி உடுமலை நாராயணகவி எழுதிக்கொடுத்தது, மேடையில் நடந்து 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் வந்தது. நந்தன் தில்லையைப் பார்க்கத் துடிக்கிறான், கிந்தன் பள்ளிக்கூடத்துக்குத் துடிக்கிறான். தீயில் குளித்துச் சுத்தமாவதற்குப் பதிலாக ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்பி வருகிறான். இங்கே சிரிப்பு சேரிக்காரன்மேல் விழவில்லை. சப்பளாக்கட்டையும் சால்வையுமாக நின்று கதாகாலட்சேபம் செய்கிறதே ஒரு மரபு, அதன் தலையில் விழுகிறது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நின்று கண்ணீர் வரவழைத்ததையும், 1942இல் தண்டபாணி தேசிகர் நந்தனாராக உருகியதையும்விட இந்தத் தமாஷ் நமக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணீர் நந்தனைக் கும்பிட வைத்தது, சிரிப்பு கிந்தனைப் படிக்க வைத்தது. ஒரே நடிகரின் முகத்தில் எபனியும் ஃபாஸ்டரும் மாறி மாறி வருகிறார்கள்.

இப்போது கூத்து. எங்கள் ஜமாவை ஊர்த் திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். காலனி மாரியம்மன் திருவிழா எங்களுடையது. ஆனால் ஊரில் சாவு விழுந்தால், கருமாதிக் கூத்துக்குக் 'கர்ண மோட்சம்' ஆட எங்களைத் தேடி வருவார்கள். அவன் தெருவில், அவன் வீட்டு வாசலில், அவன் பந்தலில் விடிய விடியக் கட்டியக்காரன் பேசலாம். வேறு எந்த நாளிலும் அந்தத் தெருவில் எங்கள் ஆள் அவ்வளவு நேரம் வாய் திறந்து பேசியது கிடையாது.

கட்டியக்காரன்தான் முதலில் வருகிறான். ராஜா திரைக்குப் பின்னால். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, ராஜா விருத்தம் பாடுகிறார், செந்தமிழில். கட்டியக்காரன் வெளியே நின்று, ஐயா நீ யாரு, உன் பேர் என்ன, எந்தூரு, எதுக்கு வந்த என்று நம்ம பேச்சில் கேட்கிறான். ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும், சொன்னால்தான் திரை விலகும். ஆயிரம் வருஷமாக எவன் எவனைப் பார்த்து 'யார்ரா நீ, எந்தத் தெரு' என்று கேட்டானோ, அது இங்கே திரும்பி நிற்கிறது.

கர்ண மோட்சத்தில் பொன்னுருவி, தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று கர்ணனை இழிவாகப் பேசுகிற கட்டம் உண்டு. பெரியப்பா அந்த இடத்தில் நடுவில் நிற்பார். கர்ணனை மேலும் கீழும் பார்ப்பார். கிரீடத்தைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் மெதுவாக, 'கிரீடமே வெச்சாலும் டம்ளர் தனிதானா சாமி?' என்பார். காலனி ஜனம் ஓரமாக நிற்கிற பக்கமிருந்து சிரிப்பு எழும்பும். நாற்காலிப் பக்கம் கொஞ்சம் தாமதமாக, என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு சிரிப்பு வரும். கோபப்பட முடியாது. கோபப்பட்டால் டம்ளர் வைத்திருப்பவன் தான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. 'கொடை வள்ளலாச்சே, பஞ்சமருக்குக் குடுத்த நெலம் இப்ப யார் பேர்ல கீது?' என்று இன்னொன்று. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதி, அதன் பேரில் ஒதுக்கப்பட்ட நிலம் என்ன ஆனது என்பதை, 1994 அக்டோபர் 10இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்த பிறகு எல்லாரும் பேசினார்கள். பெரியப்பா அதற்கு முன்பிருந்தே குல்லாய் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

உத்திரமேரூர் என்றாலே குடவோலை என்று மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, வயசு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இதெல்லாம் இருந்தால்தான் பானையில் ஓலை விழும். ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். அந்தச் சபையில் நம்ம ஓலை என்றைக்கும் விழவில்லை. நாங்கள் வாயைத் திறந்த சபை கூத்துக்களம் ஒன்றுதான், அதுவும் குல்லாய் போட்டுக்கொண்டால் மட்டும். இதையும் மூடிவிட்டால் லாபம் யாருக்கு?

அந்தக் குல்லாயை சினிமா எடுத்துக்கொண்டது. டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து கவுண்டமணி – செந்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'கரகாட்டக்காரன்' 1989. கரகம் ஆடுகிறவர்களின் கதை. கதாநாயகனுக்கும் நாயகிக்கும் காதலும் மானமும், கூட இருக்கும் இரண்டு பேருக்கு உதை. நிறத்தையும் உடம்பையும் சொல்லிச் சொல்லி ஒருத்தன் இன்னொருத்தனை மிதிக்கிறான். கவுண்டமணியின் நாக்கில் கட்டியக்காரனின் மிச்சம் இருக்கிறது, பெரிய மனுஷனையும் அரசியல்வாதியையும் அவர் விடுவதில்லை. ஆனால் அந்த நாக்கு மேலே பத்து வெட்டு வெட்டினால், கால் கீழே நூறு உதை விடுகிறது. கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைக் கேட்பான். சினிமாவில் கட்டியக்காரன் இன்னொரு கட்டியக்காரனை அடிக்கிறான், ராஜா பாட்டுப் பாடப் போய்விடுகிறார்.

1992இல் 'தேவர் மகன்'. வடிவேலுவின் இசக்கி, சின்ன எஜமானுக்காகக் கோயில் பூட்டைத் திறந்து கையை இழக்கிறான். போன கையைப் பற்றியும் அவனையே தமாஷாகப் பேச வைத்தார்கள். முப்பத்தோரு வருஷம் கழித்து, 2023இல், மாரி செல்வராஜ் அந்த இசக்கிதான் 'மாமன்னன்' என்றார். தனித்தொகுதி எம்.எல்.ஏ., சொந்தக் கட்சிக்காரர் வீட்டில் உட்கார நாற்காலி இல்லாதவர். வடிவேலு முகத்தில் அப்படி ஒரு மௌனம் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. இசக்கிக்கு நீதி கிடைத்தது. எனக்கும் கண் கலங்கியது. 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில், பெண் வேஷம் கட்டுகிற அப்பாவை நடுரோட்டில் ஓட விடுகிறார்களே, அதில் நடித்த தங்கராஜ் நிஜமாகவே கூத்துக் கலைஞர். அந்த ஓட்டத்தைப் பார்த்த எந்தக் கூத்தாடி வீட்டுப் பிள்ளைக்கும் தூக்கம் வந்திருக்காது.

இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வடிவேலுவுக்கு மரியாதை கொடுக்க அவருடைய சிரிப்பைப் பறிக்க வேண்டியிருந்ததா? கூத்தாடி அப்பாவுக்குக் கண்ணீர் கொடுத்தோம், அவர் மேடையில் என்ன பேசுவார் என்று கேட்டோமா? கௌரவம் என்றால் முகத்தை இறுக்கிக்கொள்வது என்று எஜமானன்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தான். பா. ரஞ்சித்தின் முதல் படம் 'அட்டகத்தி', 2012. அது சிரிப்புப் படம். தினகரன் என்ற பையன் காதலிக்கிறான், தோற்கிறான், காலேஜில் பஸ் ரூட்டுக்குத் 'தல' ஆகிறான், மறுபடி தோற்கிறான். யாரும் அவனை மிதிக்கவில்லை, அவனும் யாரையும் மிதிக்கவில்லை. சினிமாக் கதாநாயகன் மாதிரி நிற்கப் பார்க்கிறானே, அந்தப் பாவனையைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். பேரும் பொருத்தம், கூத்துப் பெட்டியில் கிடக்கிற கத்தி அது. ஃபாஸ்டர் போர்ட்டரை வைத்துச் செய்ததை நூறு வருஷம் கழித்து நம்ம ஆள் ஒருத்தர் செய்தார். பிறகு வந்த படங்கள் பெரிசாயின, கோபமும் பெரிசானது, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் 'அட்டகத்தி' போட்ட பாதையில் பின்னால் வந்தவர்கள் கம்மி. நம்ம விமர்சகர்களும் அதை 'ஆரம்பகால லேசான படம்' என்று தள்ளிவிட்டு நடக்கிறார்கள்.

ஆகவே எங்கள் பக்கத்து இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான். கருமாதிக்குப் போக வேண்டாம் என்றால் போகாமல் இருப்போம். கூலியைப் பேசி, சாப்பாட்டைப் பந்தியில் போடச் சொல்லி, அதற்கு ஒத்துக்கொள்கிற வீட்டுக்கு மட்டும் போவோம். குல்லாயின் வடிவம் பிடிக்கவில்லையா, மாற்றுங்கள். அந்தக் கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, படித்தவர்களுக்கு. ஃபாஸ்டரின் படம் இன்றைக்கு ஒரு அடி கூடக் கிடைக்கவில்லை. வில்லியம்ஸின் படம் ஒரு அருங்காட்சியகத்தில் கிடந்ததால் பிழைத்தது. அச்சில் வந்த கூத்துப் புத்தகங்களில் கர்ணன் பாட்டு இருக்கிறது, கிருஷ்ணன் பாட்டு இருக்கிறது. கட்டியக்காரன் பேச்சு அந்தந்த ராத்திரிக்கு அந்தந்தத் தெருவைப் பார்த்துப் பிறப்பது, அதை எந்த வாத்தியாரும் நோட்டில் எழுதி வைக்கவில்லை. பெரியப்பாவுக்கு இப்போது குரல் கம்மிவிட்டது. அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் எங்கள் பக்கத்துக் காலனிகளில் இருக்கிறார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் திருவிழாக் கூத்து நடக்கும். பதிவு செய்கிற கருவியோடு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால், திரை பிடிக்கிற பக்கமாக உட்கார இடம் போட்டு வைக்கிறோம். அங்கே உட்கார்ந்தால்தான் அவர்கள் பேசுவது காதில் விழும்.